நியாயமான ஏற்பாடு: மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஓர் உரிமை

விகாஷ் குமார் என்பவருக்குப் பேனாவைப் பிடித்து எழுதத் தொடங்கினால் கை இழுத்துக்கொள்ளும். 'ரைட்டர்ஸ் கிராம்ப்' என்று மருத்துவர்கள் சொல்லும் நரம்புக் கோளாறு. விடை தெரியும், வாயால் சொல்ல முடியும், எழுதத்தான் முடியாது. 2018-ஆம் ஆண்டு யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, தான் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஸ்கிரைப் வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. பார்வையற்றவர்கள், கைகால் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் ஸ்கிரைப் தர விதி இருக்கிறது, இவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார் என்றார்கள். தீர்ப்பாயத்திலும் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அந்தத் தீர்ப்பு முழுக்க ஒரே ஒரு கருத்தைச் சுற்றித்தான் நகர்கிறது. சட்டத்தில் அதற்கு 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்று பெயர். தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இங்கே நியாயமான ஏற்பாடு என்று வைத்துக்கொள்வோம். இட ஒதுக்கீடு, மாத உதவித்தொகை, பஸ் பாஸ் பற்றியெல்லாம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். இதைப் பற்றி மட்டும் வக்கீல்களும் இயக்கத்துக்காரர்களும்தான் பேசுகிறார்கள். அது சரியில்லை என்பது என் எண்ணம். பள்ளிக்கூடம், பரீட்சை, ஆபீஸ் என்று தினசரி வாழ்க்கையில் ஒரு மாற்றுத்திறனாளிக்கு அதிகம் கைகொடுக்கக்கூடியது இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பிரிவு 2(ஒய்)-ல் விளக்கம் இருக்கிறது. சுற்றிவளைக்காமல் சொன்னால் இவ்வளவுதான்: மற்றவர்களுக்கு இருக்கும் அதே உரிமையை மாற்றுத்திறனாளி ஒருவரும் சமமாக அனுபவிப்பதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றத்தைச் செய்துகொடுக்க வேண்டும். அந்த மாற்றம், செய்பவர் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக்கூடாது. எது தேவை, எது சுமை என்பதை அந்தந்த நேர்வில் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

இது மட்டும் இருந்திருந்தால் நல்ல அறிவுரையாகவே நின்றுபோயிருக்கும். உண்மையான பலம் இன்னொரு பிரிவில் இருக்கிறது. பாகுபாடு என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு 2(எச்), நியாயமான ஏற்பாட்டைச் செய்துகொடுக்க மறுப்பதையும் பாகுபாட்டுக்குள் சேர்த்துவிட்டது. அதாவது, "உன்னைச் சேர்க்க மாட்டேன்" என்று வாசலில் விரட்டுவதும், "தாராளமாக வா, ஆனால் எங்கள் பரீட்சை மூன்றாவது மாடியில்தான்" என்று சக்கர நாற்காலியில் வருபவரிடம் சொல்வதும் சட்டத்தின் பார்வையில் ஒரே வகைக் குற்றச்சாட்டு. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தில் நூற்றுச் சொச்சம் பிரிவுகள் இருந்தாலும் இந்த ஒரு வரிக்குத்தான் முதல் இடம் தருவேன்.

சலுகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. சலுகையைக் கொடுப்பவர் மனது வைத்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் நிறுத்தலாம். நியாயமான ஏற்பாடு அப்படியில்லை. மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று மறுத்தவர்தான் காரணம் சொல்ல வேண்டும். அதேபோல், இது யாருக்கும் கூடுதல் மதிப்பெண் போடுவதும் அல்ல. கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுபவரை யாரும் சலுகை வாங்கியவர் என்று சொல்வதில்லை. வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான், அவர் அதைப் படிப்பதற்கான வழி மட்டும் வேறு.

நாற்பது சதவீதக் குழப்பம்

விகாஷ் குமார் வழக்கில் அரசுத் தரப்பு எடுத்துவைத்த முக்கியமான வாதம், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் ஸ்கிரைப் என்பது. இந்த 40 சதவீதம் எங்கிருந்து வந்தது? சட்டத்தில் இரண்டு தனித்தனி வரையறைகள் இருக்கின்றன. ஒன்று, மாற்றுத்திறனாளி. நீண்டகாலக் குறைபாடு ஒன்று இருந்து, சுற்றியுள்ள தடைகளோடு சேரும்போது சமூகத்தில் மற்றவர்களைப் போலச் சமமாகப் பங்கேற்க முடியாமல் செய்தால், அவர் மாற்றுத்திறனாளி. இதில் சதவீதக் கணக்கே இல்லை. இன்னொன்று, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்றிதழ் பெற்றவர். அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடு போன்றவை இந்த இரண்டாவது வகையினருக்கு.

நம் ஊரில் நடந்தது என்னவென்றால், இட ஒதுக்கீட்டுக்கு வைத்த அளவுகோலை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 38 சதவீதம் என்று சான்றிதழ் வந்துவிட்டால், கதவு முழுசாக அடைபட்டது. உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துவைத்தது. இட ஒதுக்கீடு கேட்டால் 40 சதவீதம் வேண்டும். நியாயமான ஏற்பாடு கேட்க மாற்றுத்திறனாளியாக இருந்தால் போதும். ஸ்கிரைப் விஷயத்தில் புதிய வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. 40 சதவீதத்துக்குக் குறைவான குறைபாடு இருந்து, எழுதச் சிரமப்படுபவர்களுக்கான அந்த நெறிமுறைகள் 2022 ஆகஸ்டில் வந்தன.

ஸ்கிரைப் வசதியைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்ற அச்சமும் அந்த வழக்கில் எழுப்பப்பட்டது. சிலர் ஏமாற்றக்கூடும் என்பதற்காக உண்மையாகவே தேவைப்படுபவர்கள் எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும் வேலை தேர்வு நடத்துபவருடையது.

சாய்தளமும் ஸ்கிரைப்பும் ஒன்றல்ல

புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அணுகல்தன்மை என்று ஒரு சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டடத்தில் சாய்தளம், லிஃப்டில் பிரெய்ல் எண்கள், தாழ்தளப் பேருந்து, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் படிக்கக்கூடிய இணையதளம் ஆகியவையெல்லாம் அணுகல்தன்மை. யார் வருவார், எப்போது வருவார் என்று தெரியாமலே, வருவார்கள் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே செய்துவைப்பது. நியாயமான ஏற்பாடு குறிப்பிட்ட ஒருவர் வந்து, தனக்கு இது வேண்டும் என்று கேட்கும்போது செய்வது. சாய்தளம் இருந்தும் ஒருவருக்குக் கழிப்பறைக் கதவைத் திறக்க இன்னொரு கை தேவைப்படலாம். எந்தக் கட்டட விதியும் எல்லோருடைய தேவையையும் முன்கூட்டி ஊகித்துவிட முடியாது. அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் இது.

சென்னை மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் சக்கர நாற்காலி உருளாது. 2022 நவம்பரில் கடலுக்கு அருகே வரை போகும் மரப் பாதை ஒன்றைத் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து அதைப் பெயர்த்துப்போட்டது, பிறகு சரிசெய்தார்கள். அது அணுகல்தன்மை. 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளும் அப்படியே. ஆனால் அந்தப் பேருந்துகள் தாமாக வந்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தினர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வழக்காடி வாங்கியது அது.

முன்கூட்டிச் செய்யவேண்டிய இந்த வேலையில் நாம் மிகவும் பின்தங்கித்தான் இருக்கிறோம். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்பது சட்டத்தின் 45-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்துவிட்டன. இன்றைக்கு ஏதாவது ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். சாய்தளம் என்ற பெயரில் பல இடங்களில் இருப்பது பைக் ஏற்றுவதற்குத்தான் லாயக்கு. சாய்தளத்துக்கான அளவு 1:12. ஒரு அடி உயரம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் மொத்த உயரம் ஒன்றரை அடி. அப்படியானால் பதினெட்டு அடிச் சரிவு. படி இருந்த இடத்திலேயே நாலடிக்கு சிமென்டைக் கொட்டிப் பூசிவிட்டு, மேலே சக்கர நாற்காலிப் படத்தை வரைந்துவிட்டால் யாராலும் ஏற முடியாது. ஏற முயன்றால் பின்னால் கவிழும்.

இந்த நிலைக்கு ஒரு காரணம் விதி எழுதப்பட்ட விதம். ராஜீவ் ராதூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் தொடர்ந்த பொதுநல வழக்கு, சுமார் இருபது ஆண்டு ஓடியது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 2017 விதிகளின் 15-ஆவது விதி சட்டத்துக்கே முரணானது என்றது. சட்டம் 'கட்டாயம்' என்கிறது. விதியோ வழிகாட்டு நெறிகளை அடுக்கிவைத்துவிட்டு, செய்தால் நல்லது என்ற தொனியில் நிற்கிறது. குறைந்தபட்சம் எதைச் செய்தே ஆகவேண்டும் என்பதைப் பிரித்து, கட்டாய விதியாக மூன்று மாதத்தில் கொண்டுவரச் சொன்னது நீதிமன்றம். அணுகல்தன்மையும் நியாயமான ஏற்பாடும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை, இரண்டும் வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

கட்டடம் மட்டும் இல்லை, செல்போன் திரையும் இதில் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் கார்டு வாங்கவும் ஆன்லைனில் கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பைச் செய்யும்போது, உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கக் கண்ணைச் சிமிட்டச் சொல்வார்கள். ஆசிட் வீச்சில் கண் இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் திரையில் காட்டும் கட்டத்துக்குள் முகத்தை எப்படிப் பொருத்துவார்? இந்தக் கேள்விகளோடு போன வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் வசதிகளைப் பெறுவதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தது.

எங்கிருந்து வந்தது

1995-ல் இந்தியாவில் முதன்முதலாக மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஏழு வகைக் குறைபாடுகள், 3 சதவீத இட ஒதுக்கீடு. நியாயமான ஏற்பாட்டை மறுப்பது பாகுபாடு என்ற வரி அதில் இல்லை. 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது; அதில் அந்த வரி இருந்தது. இந்தியா 2007 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. அதன்பிறகு நம் சட்டத்தை அதற்கேற்ப மாற்றியாக வேண்டிய கடமை வந்தது. பேச்சும் வரைவும் போராட்டமுமாக ஒன்பது வருடம் போய், 2016 டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறியது. குறைபாட்டு வகைகள் 21 ஆயின. ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோஃபீலியா, பார்க்கின்சன் நோய், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாம் உள்ளே வந்தார்கள்.

ஒரு நீதிபதி வேலையின் கதை

கொள்கையில் ஒரு வரி மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே நல்ல உதாரணம் இருக்கிறது. 2014-ல் சிவில் நீதிபதி பணிக்கு அறிவிப்பு வந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 70 சதவீதப் பார்வைக் குறைபாடுள்ள வழக்கறிஞர் ஒருவர் விண்ணப்பித்தார். அவர் ஏற்கெனவே அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞராக நீதிமன்றத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். அந்த உச்சவரம்பு சரிதான் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதி ஆவணங்களைப் படிக்க வேண்டும், சாட்சிகளைக் கவனிக்க வேண்டும் என்ற வழக்கமான காரணங்கள். இத்தனைக்கும் 2009-லேயே தமிழ்நாட்டில் பார்வையற்ற ஒருவர் நீதிபதியாகப் பொறுப்பேற்றிருந்தார்!

2021-ல் விகாஷ் குமார் தீர்ப்பு வந்தபோது, அந்த 2019 தீர்ப்பையும் எடுத்துப் பார்த்தார்கள். அது பழைய 1995 சட்டத்தின்கீழ் வந்தது, நியாயமான ஏற்பாடு என்ற கோணத்தையே கணக்கில் எடுக்கவில்லை, எனவே புதிய சட்டம் வந்தபிறகு அதை முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்று எழுதினார்கள். இரண்டும் கேட்கிற கேள்வியே வேறு. 2019-ல் கேட்டது, "இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா?" என்று. 2016 சட்டப்படி கேட்கவேண்டியது, "என்ன செய்துகொடுத்தால் இவரால் செய்ய முடியும்?" என்று. திரைவாசிப்பான் உள்ள கணினி, ஆவணங்களை வாசித்துக்காட்ட ஓர் உதவியாளர், ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கும் கோப்புகள். இவை இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மத்தியப் பிரதேசத்தில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களை நீதித்துறைப் பணியிலிருந்து முழுக்க விலக்கிவைத்த விதி ஒன்று இருந்தது. அதை எதிர்த்து, பார்வையற்ற மகனுக்காக ஒரு தாய் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்த விதியை ரத்துசெய்தது. குறைபாட்டைக் காரணம் காட்டி மட்டும் யாரையும் நீதித்துறைப் பணிக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்க முடியாது என்பது இப்போதைய நிலை.

நடைமுறையில் எப்படி இருக்கும்

பெரும்பாலான ஏற்பாடுகளுக்குப் பெரிய செலவே கிடையாது. மாடியில் இருக்கும் வகுப்பைக் கீழே மாற்றுவது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தருவது. காது கேளாதவர் கலந்துகொள்ளும் கூட்டத்துக்குச் சைகைமொழிபெயர்ப்பாளரை அழைப்பது, அது முடியாத சிறிய கூட்டமென்றால் பேசுவதை உடனுக்குடன் தட்டச்சு செய்து காட்டுவது. மனநலப் பிரச்சினைக்கு மருந்து எடுப்பவர், காலையில் மந்தமாக இருக்கிறது என்றால் பத்து மணிக்குப் பதில் பதினொன்றரைக்கு வந்து மாலையில் ஈடுகட்டச் சொல்வது. ஆட்டிசம் உள்ள பையனைச் சத்தம் குறைந்த மூலையில் உட்காரவைப்பது. கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்கு இரண்டாம், மூன்றாம் மொழிப்பாடத்திலிருந்து விலக்கு தரவும் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இடம் தருகிறது.

வேலையில் இருக்கும்போதே விபத்தோ நோயோ வந்து மாற்றுத்திறனாளி ஆகிறவர்களுக்கு 20-ஆவது பிரிவு மிக முக்கியமானது. அரசு நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்குக் கால் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவரால் இனி வண்டி ஓட்ட முடியாது. ஆனால் டிப்போவில் வேறு வேலை இருக்கும். அதே சம்பள விகிதத்தில் அவரை அங்கே மாற்ற வேண்டும். பொருத்தமான இடமே காலியில்லையா? கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி, இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ அதில் வைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டுக்கும் இது பொருந்தும். கடும் மனச்சோர்வு உள்ள சிஆர்பிஎஃப் அதிகாரி ஒருவர் மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை, 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதே கோணத்தில் பார்த்துத்தான் ரத்துசெய்தது.

அளவுக்கு மீறிய சுமை என்பது எது? இதற்குப் பட்டியல் கிடையாது. நாலு பேர் வேலை செய்யும் சின்னக் கடை லிஃப்ட் வைக்க முடியாது என்றால் நியாயம். ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனம் அதையே சொன்னால் எடுபடாது. செலவு எவ்வளவு, நிறுவனத்தின் வசதி என்ன, வேறு மலிவான வழி உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். கேட்டவரோடு உட்கார்ந்து பேசாமல் முடிவெடுக்கக்கூடாது. நிர்வாகத்துக்குக் கொஞ்சம் தொந்தரவாக இருக்கும் என்பது மட்டும் காரணமாகாது. தொந்தரவே இல்லாமல் எந்த மாற்றமும் வராது.

தனியார் நிறுவனங்கள் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் வழுக்குகிறது. ஏற்பாடு செய்துதரும் நேரடிக் கடமையை அரசு மீதும் அரசு நிறுவனங்கள் மீதும்தான் அது வெளிப்படையாகச் சுமத்துகிறது. கல்வியில் மட்டும் அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்கிறது. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும் என்ற 21-ஆவது பிரிவு தனியாருக்கும் பொருந்தும். உங்கள் கம்பெனியில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்பது எப்படி

முதலில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறுத்ததற்கு ஆதாரம் இருக்காது. விண்ணப்பத்தில் நோயின் பெயரை விளக்குவதைவிட, என்ன தடை வருகிறது, எதை மாற்றினால் அது விலகும் என்பதைச் சொல்வது பலன் தரும். "எனக்கு மூட்டுத் தேய்மானம்" என்று நிறுத்தாமல், "இரண்டாவது மாடி ஏற முடியவில்லை, என் இருக்கையைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தர வேண்டும்" என்று எழுதுங்கள். பிரிவு 2(எச்), 2(ஒய்) இரண்டையும் குறிப்பிடுங்கள். கையில் யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் நகலை இணையுங்கள். 40 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் கேட்காமல் இருந்துவிட வேண்டாம்.

ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் 23-ஆவது பிரிவின்படி ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ முதலில் அவரிடம் போகலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். மத்திய அரசு நிறுவனம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடம். சம்மன் அனுப்பவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரைதான். அதை ஏற்காத நிறுவனம், ஏன் ஏற்கவில்லை என்று மூன்று மாதத்துக்குள் ஆணையருக்கும் புகார் செய்தவருக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போகலாம். சட்டத்தை மீறியதற்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89-ஆவது பிரிவு வழிசெய்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் இரண்டு சட்டத்திருத்த மசோதாக்கள் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறின. கிராம ஊராட்சியிலிருந்து மாநகராட்சி வரை 13,000-க்கும் மேற்பட்டவர்கள் உறுப்பினர்களாக இது வழிவகுக்கிறது. ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம், அங்கன்வாடிக்குக் கழிப்பறை, பேருந்து நிழற்குடை என்று வரைபடம் கூட்டத்துக்கு வரும்போது, சாய்தளம் எத்தனை அடி, கதவு எவ்வளவு அகலம் என்று அந்த நிலையிலேயே கேட்க முடியும். உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ அந்த உறுப்பினர் யார் என்று அதன் அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.